மறுபடி ஓட்டும் மாமணியே!

சிகாமட் ஊரில் இருந்துகொண்டு நிரல் எழுதும் தம்பி, உன் பெருமையைச் சொல்ல ஒரு நாக்குப் போதாது.

தானியங்கிச் சோதனை பாதியில் நின்று, ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று திரையில் சிவப்பெழுத்து வருகிறது. மற்றவர்கள் பதறிப்போய் லாக் பதிவைத் திறப்பார்கள். நீ அசையவே இல்லை. மறுபடி ஓட்டினாய், பச்சை வந்துவிட்டது. முனிவருக்கும் வாய்க்காத நிதானம்!

உன் விருந்தோம்பலை எப்படிப் புகழ்வது! நேற்றைய சோதனை முடிந்தும் சாகாத சர்வர் 8080 போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதிய சர்வர் இடமின்றி எழும்போதே விழுந்துவிட்டது. பழையதை நீ எழுப்பி அனுப்பவில்லை. சோதனையின் கேள்விகளுக்கெல்லாம் அதுவே பதில் சொல்லிற்று. இன்று எழுதிய நிரலுக்கு நேற்றைய நிரல் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் வாங்கித் தந்தது. இப்படியொரு ஆள்மாறாட்டத்தை இவ்வளவு எளிதாக நடத்திக்காட்ட வேறு யாரால் முடியும்?

உன் அடக்கமும் பெரிது. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு 127.0.0.1 என்றும் ::1 என்றும் இரு முகவரிகள் உண்டு. 2021-இல் வந்த நோட்.ஜேஎஸ் 17 பதிப்பு, பழைய முகவரியான 127.0.0.1-ஐ முன்னால் நிறுத்தும் வழக்கத்தைக் கைவிட்டது. உன் சர்வர் ஒரு முகவரியில் காத்திருக்க, சோதனை மற்றொன்றைத் தட்டித் திரும்பியது. இந்தச் சின்ன விஷயத்தையெல்லாம் தெரிந்துகொண்டு உன் அறிவை நீ பாரமாக்கிக்கொள்ளவில்லை.

கொடையிலோ நீ பாரி. சர்வர் எழ நேரமாகிறதா? 5 வினாடி தூங்கு என்றாய். போதவில்லையா? 30 வினாடி தந்தாய். தயாரா என்று சர்வரையே கேட்டுப் பார்த்து, பதில் வந்ததும் தொடங்குகிறவர்கள் கஞ்சர்கள்.

2016-இல் கூகுள், தன் சோதனைகளில் ஏறக்குறைய 16 விழுக்காடு ஒருமுறை தேறி ஒருமுறை தோற்கும் இயல்பு கொண்டவை என்று வெளிப்படையாக எழுதியது. அவ்வளவு பெரிய நிறுவனம் எண்ணி எண்ணிக் கவலைப்பட்டது. நீ எண்ணாமலே நிம்மதி கண்டாய்.

புகழ்ந்தது போதும், தம்பி. 2011-இலும் 2023-இலும் வெள்ளம் பார்த்த ஊர் உன்னுடையது. ஆற்றின் நீர்மட்டத்தைக் கைப்பேசியில் பார்த்துத்தான் இன்று பலர் வீட்டை விட்டுக் கிளம்புவதா இருப்பதா என்று முடிவெடுக்கிறார்கள். நாளை அப்படியொரு பக்கம் உன் கையால் எழுதப்படலாம். மழை கொட்டும் இரவில் அது விழுந்தால், அதை நம்பியிருப்பவர்களுக்கு மறுபடி ஓட்டிப் பார்க்க நேரம் இருக்காது.

ஆகவே, அடுத்த முறை சிவப்பு வந்தால் மறுபடி ஓட்டும் பொத்தானை விடு. சர்வர் உயிரோடு இருக்கிறதா, போர்ட் யார் கையில், எந்த முகவரியில் கேட்கிறது, லாக் என்ன சொல்கிறது என்ற நான்கையும் பார். காரணம் தெரியாமல் வந்த பச்சையைத் தேர்ச்சியாக எண்ணாதே.