வருடம் முழுவதும் கொலு

நங்கநல்லூரில் என் நண்பர் வீட்டில் நவராத்திரி முடிவதே இல்லை. மூன்றாவது படுக்கையறையில் பன்னிரண்டு பாஸ் கிடார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. பின்னால் விளக்கு, முன்னால் கண்ணாடி. சுண்டல் ஒன்றுதான் குறை. அந்த அறைக்கு இரவு பகலாக ஏசி உண்டு. ஈரப்பதம் ஐம்பதைத் தாண்டினால் நண்பரின் போனுக்குத் தகவல் வரும். மீட்டிங்கைப் பாதியில் விட்டு வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார். அவருடைய அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஹாலில் ஃபேனுக்கு அடியில் படுத்திருப்பார். அதில் தப்பொன்றுமில்லை. சித்திரை வெயிலில் மேப்பிள் கழுத்து வளையும், மனிதக் கழுத்து வளையாது.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, இவரைப் போன்ற ஐந்து பேர் தத்தம் செல்வங்களோடு அங்கே கூடுகிறார்கள். போன டிசம்பரில் என்னையும் கூப்பிட்டார். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குள் ஔவை எவ்வளவு மகிழ்ச்சியோடு நுழைந்தாளோ, அவ்வளவு மகிழ்ச்சியோடு நுழைந்தேன். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு மோதிரத்தையும்.

அவர்களுடைய படிப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பாஸை வெளியிட்ட கதையை ஐவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அதுவரை ஆளுயர டபுள் பாஸைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைய வேண்டும். அலைந்தாலும் மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் அது எடுபடாது. ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டும் அளவுக்குச் சுருக்கி, கரண்ட் கொடுத்து, வீணைக்குப் போல மெட்டும் வைத்தார். சுருதி துல்லியமாக நிற்கும் என்பதால்தான் அந்தப் பெயர். ஆக, எளிதில் தூக்கிக்கொண்டு போகலாம், நாலு பேர் காதில் விழும். இந்த இரண்டு குறைகளையும் நண்பர்கள் நீக்கிவிட்டார்கள். இவர்களிடம் வந்த பாஸ் எங்கும் போவதில்லை. யார் காதிலும் விழுவதில்லை.

விரல் பதியும் பலகை ஈட்டி மரம் என்று ஒன்றைக் காட்டினார் நண்பர். நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்குதான். காட்டில் சும்மா நின்ற மரம் அமெரிக்கா போய், லட்சக் கணக்கில் விலை ஏறி, திரும்பி வந்து நங்கநல்லூரில் சும்மா நிற்கிறது.

அன்றைய விசேஷம் வங்கி அதிகாரி ஒருவர் கொண்டுவந்த பெட்டி. திறந்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். முன்னங்கை உரசும் மேல்விளிம்பில் வண்ணம் உரிந்து உள்மரம் தெரிந்தது. திருகுகளில் துரு. கழுத்தின் பின்பக்கம், உள்ளங்கை ஓடியோடி மெருகு போயிருந்தது. எந்த மகானுபாவர் எத்தனை ஆயிரம் கச்சேரிகளில் வாசித்ததோ என்று கையெடுத்துக் கும்பிடப் போனேன். “சார், இது புதுசு. ஃபேக்டரியிலேயே தேய்ச்சுத் தருவாங்க” என்றார்.

உண்மைதான். 1995 முதல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப்பில் ‘ரெலிக்’ என்ற பெயரில் இந்த வேலை நடக்கிறது. தேய்த்ததற்குத் தனி விலை. நாற்பது வருட வாசிப்பை இப்படி ஒரே தவணையில் முடித்துவிட முடியும் என்றால், எதற்கு ஒருவர் நாற்பது வருடம் வாசிக்க வேண்டும்?

விவரம் தெரியாதவர்கள் அப்படித்தான் கஷ்டப்பட்டார்கள். டெட்ராய்ட்டில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்றொருவர் இருந்தார். 1962-ஆம் வருடத்துப் பிரிசிஷன் பாஸ் ஒன்றை வைத்துக்கொண்டு மோடவுன் கம்பெனியின் எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்கு வாசித்தார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்யும். அறுந்தாலொழியக் கம்பி மாற்ற மாட்டாராம். அந்த பாஸும் 1983-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் களவு போனது. இதைச் சொன்னபோது ஐவரும் உச்சுக்கொட்டினார்கள். பாட்டுகளைப் பற்றி அல்ல. பெட்டியைப் பூட்டி வைக்கத் தெரியாத மனிதரைப் பற்றி.

பிறகு நாதப் பரிசோதனை. ஆல்டர் மரத்துக்கும் ஆஷ் மரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் போனில் பதிந்து, போனிலேயே போட்டுக் கேட்டார்கள். பாஸின் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். போன் ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்க வராது. வராத ஒலிக்குள்ளிருந்து இரண்டு மரங்களைப் பிரித்து எடுத்த காதுகளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பரிசோதனைக்கு ஆளுக்கொரு முறை ஒரே மெட்டைத்தான் வாசித்தார்கள்: ‘செவன் நேஷன் ஆர்மி’யின் முதல் ஏழு ஸ்வரங்கள். 2003-இல் வந்த அந்தப் பாட்டில் பாஸ் கிடாரே கிடையாது. சாதாரண கிடாரின் ஒலியை ஒரு பெடலை வைத்து ஒரு ஸ்தாயி கீழே இறக்கினார் ஜாக் வைட். அவருடைய குழுவில் பாஸ் வாசிக்க ஆளே இல்லை. இருபத்து மூன்று பாஸ்கள் கூடிய சபைக்கு இதைவிடப் பொருத்தமான உருப்படி அமையாது.

ட்ரம்ஸ் வாசிப்பவர் யாரும் வரவில்லையா என்று கேட்டேன். தாளம் சேர்ந்தால் பாஸின் நுணுக்கம் கெட்டுவிடும் என்று விளக்கினார்கள். பாட்டுக்காரர் வந்தால் இன்னும் மோசமாம்.

ஹாலிலிருந்து பெரியவர் குரல் கொடுத்தார்: “இளையராஜா பாட்டு ஏதாவது ஒண்ணு வாசிங்களேம்ப்பா.” ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து நாதத்துக்குத் தட்டைச் சுற்றுக் கம்பி வேண்டும், இங்கே இருப்பதெல்லாம் உருண்டைச் சுற்று, தட்டைக் கம்பி போட்டது இன்னொருவர் வீட்டில் இருக்கிறது என்று நண்பர் பொறுமையாகச் சொன்னார். பொருந்தாத கம்பியில் வாசித்துப் பெற்ற தகப்பனை ஏமாற்ற எல்லாருக்கும் மனசு வந்துவிடுமா? பெரியவர் ரேடியோவைப் போட்டுக்கொண்டார். அதில் பாஸ் கேட்டது.

கிளம்பும் நேரத்தில் கீழ்வீட்டுப் பையன் வந்தான். சர்ச் பாடகர் குழுவில் பாஸ் வாசிப்பவன். “அண்ணா, என்னுதுல ஜி கம்பி அறுந்துபோச்சு. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மட்டும் ஒண்ணு தர்றீங்களா?” என்றான். இல்லையென்று ஒரு வார்த்தையில் துரத்திவிடவில்லை நண்பர். உட்காரவைத்து, என்ன பாஸ் வாங்க வேண்டும், எந்த வருடத்து மாடலை வாங்கவே கூடாது என்று நாற்பது நிமிடம் பாடம் எடுத்தார். சும்மா ஒரு கம்பியாவது இருக்குமா என்றான் பையன். இருந்தது. இரண்டு மாதத்துக்கொரு முறை கழற்றுகிற கம்பிகளை நண்பர் தூக்கிப் போடுவதில்லை. கழற்றிய தேதி எழுதி உறையிலிட்டு அடுக்கியிருக்கிறார். அந்த வரிசையில் ஓர் உறை குறைந்தால் சேகரிப்பு என்னத்துக்கு ஆகும்?

பையன் கிறிஸ்துமஸுக்கு மூன்று கம்பியில்தான் வாசித்தான். நானும் போயிருந்தேன். இடம் கிடைக்காமல் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். பாஸ் அதுவரைக்கும் கேட்டது.