கருந்திரை மீட்பியல்: டிஸ்ப்ளே டிரைவர் பிழை குறித்த ஓர் ஆராய்ச்சி

டிஸ்ப்ளே டிரைவர் என்பது இயங்குதளம் இடும் கட்டளைகளைக் கிராபிக்ஸ் கார்டுக்கு விளங்கும்படி கொண்டுசேர்க்கும் மென்பொருளாகும். அது செவ்வனே இயங்கும் காலத்தில் அதன் இருப்பை எவரும் அறியார். அப்டேட் என்னும் பெயரில் அதன் புதிய பதிப்பு பழுதுடன் வந்து இறங்கினாலோ, வீட்டிலுள்ள அனைவரும் அறிவர். இவ்வாய்வு விண்டோஸ் கணினிகளையே எல்லையாகக் கொள்கிறது. லினக்ஸ் பயனர்கள் இத்துன்பத்தை விரும்பி ஏற்றவர்கள் ஆதலின், அவர்கள் நிலை தனி நூலுக்கு உரியது.

இப்பழுதின் தலையாய அறிகுறியான கருந்திரை, ஏதுமற்றது எனவும் அம்புக்குறி மட்டும் உடையது எனவும் இருவகைப்படும். முன்னதில், கேப்ஸ் லாக் விசையை அழுத்தி அதன் விளக்கு எரிகிறதா என நோக்கிக் கணினியின் உயிர்ப்பை அறிதல் மரபு. பின்னதே கொடியது, அம்புக்குறி அசைவதால் நம்பிக்கை பிறக்க, அந்நம்பிக்கையின் பொருட்டுப் பயனர் நெடுநேரம் மவுசை உருட்டிக்கொண்டிருப்பர்.

இவ்வகைத் தடுமாற்றத்தை விண்டோஸ் எதிர்பாராமல் இல்லை. கிராபிக்ஸ் சிப் 2 நொடிக்குள் விடையளிக்காவிடில் அதனை இயங்குதளமே மீட்டமைக்கும் ஏற்பாடு விஸ்டா பதிப்பிலேயே வந்துவிட்டது. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு விசைகளைச் சேர்த்தழுத்தி டிரைவரை மீளத் தொடங்கும் முறையும் இன்று உண்டு. எனினும், மீளத் தொடங்குவது அதே பழுதுற்ற டிரைவரே என்னும் இடர்ப்பாட்டை இம்முறை தீர்ப்பதில்லை.

உண்மையான மீட்பு சேஃப் மோடில் நிகழ்கிறது. இன்றியமையாத மென்பொருள்களை மட்டும் கொண்டு கணினி இயங்கும் அந்நிலையில், கார்டின் தனித்திறன் எதையும் அறியாத ஓர் எளிய டிரைவர் படத்தைக் காட்டும். பெருவிலை கொடுத்து வாங்கிய கார்டு அங்கே பட்டம் பதவி துறந்து எழுத்தர் பணி பார்க்கிறது. விண்டோஸ் 7 வரை எஃப்8 விசை இந்நிலைக்கு வாயிலாக இருந்தது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 மிக விரைவாகத் தொடங்கியதால் அவ்விசையை அழுத்த 200 மில்லிநொடிக்கும் குறைவான அவகாசமே எஞ்சியது. ஆகவே அவ்வழி இயல்பாகவே அடைக்கப்பட்டது. கணினி விரைவானதன் பயன், அது கெட்டபோது உள்ளே நுழைய இயலாமை ஆயிற்று.

இதற்கு மாற்றாக அமைந்ததே திட்டமிட்ட தோல்வி முறை. கணினி தொடங்கும்போதே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தலை அடுத்தடுத்துச் செய்தால், பெரும்பாலும் மூன்றாம் தொடக்கத்தில் தனக்கு ஏதோ நேர்ந்துள்ளதென விண்டோஸ் உணர்ந்து மீட்புப் பட்டியலை விரிக்கும். பொத்தானை அழுத்தி அணைத்தல் கணினிக்குக் கேடு என்று பல்லாண்டு ஓதிய ஆசிரியர்கள் இவ்விதி குறித்து மௌனம் காக்கின்றனர். பட்டியலில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வரை சென்று மறுதொடக்கம் செய்தபின் 4 என்னும் எண்ணை அழுத்தினால் சேஃப் மோடு வாய்க்கும். பிட்லாக்கர் என்னும் வட்டுப் பூட்டு இருப்பின், அதற்குமுன் 48 இலக்க மீட்புத் திறவி கேட்கப்படலாம். அது பெரும்பாலும் இணையக் கணக்கில் கிடப்பதால், கெட்ட கணினியைத் திறக்கக் கெடாத வேறொரு கருவி வேண்டும் என்பது பெறப்படும்.

உள்ளே நுழைந்தபின் எஞ்சுவது சிறிதே. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரைத் திறந்து, ரோல் பேக் டிரைவர் என்னும் பொத்தானை அழுத்தினால் முந்தைய பதிப்பு திரும்பும். பொத்தான் மங்கிக் கிடப்பின் முந்தைய பதிப்பு வட்டில் இல்லை எனக் கொண்டு, டிரைவரை நீக்கி, உற்பத்தியாளரின் பழைய பதிப்பைத் தேடி நிறுவுதல் வேண்டும். அப்டேட்டைச் சிலநாள் நிறுத்திவைத்தலும் இதன் உறுப்பே. அன்றேல் நீக்கிய பதிப்பு மறுநாளே தானாக வந்து அமரக்கூடும்.

ஆய்வாளர் கவனம் பெறாத நுட்பம் ஒன்றுண்டு. ரோல் பேக் செய்யுமுன் விண்டோஸ் காரணம் கேட்கிறது. செயலிகள் இந்த டிரைவருடன் இயங்கவில்லை, முந்தையது நம்பகமாகத் தோன்றியது, முந்தையது நன்கு செயல்பட்டது என விடைகள் அடுக்கப்பட்டுள்ளன. திரையில் எதுவுமே தெரியவில்லை என்பது அவற்றுள் இல்லை. அந்நிலையினர் 'வேறு காரணம்' என்பதைத் தேர்கின்றனர்.