இரண்டு அலுமினியம், ஒரே அடுப்பு

கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ பட்டறை வச்சிருக்கீங்களா? 6061 தகடு ஒண்ணு, 7075 தகடு ஒண்ணு, ரெண்டையும் ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்கில் இணைக்கப் போறீங்களா? வாங்க, கெடுக்கிற வழி சொல்றேன். பாதி உங்களுக்கே தெரியும்.

1. மில்லிங் மெஷினில் டூலைக் கண்டபடி சுழற்றுங்க, தகட்டை ஆமையாட்டம் நகர்த்துங்க. சூடு அகலமாப் பரவும். 6061-இன் பலமே மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த நுண்மணிகள்தான். வெல்டை ஒட்டி அதெல்லாம் பருத்துத் தகடு இளகிப்போகும். பிறகு லேசாச் சூடு காட்டி மீட்கலாம்னு நம்புங்க. முற்றின பாகு பழைய பதத்துக்கு வருமான்னு கவுந்தப்பாடி வெல்லக்காரரை மட்டும் கேட்டுறாதீங்க. உண்மையைச் சொல்லிருவார்.

2. இல்லைன்னா வெல்டு பண்ணின தகட்டை அடுப்பில் வச்சு முதலிலிருந்தே பதம் போடுங்க. 6061 கேட்பது சுமார் 530 டிகிரி. 7075-க்குள்ளே 477 வாக்கிலேயே படிகங்களின் ஓரம் உருக ஆரம்பிக்கும். ஆகவே 530. உலோகத்தை உருக்காமப் பிசைஞ்சே ஒட்டணும்னுதான் 1991-ல் இங்கிலாந்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த வெல்டிங்கைக் கண்டுபிடிச்சாங்க. அவங்க தவிர்த்ததை நீங்க அடுப்புக்குள்ளே முடிச்சுக் கொடுங்க.

3. அடுப்பைத் திறந்ததும் தண்ணித் தொட்டிக்கு ஓடாதீங்க. 15 விநாடிக்குள் முக்கணுங்கறது அவசரக்காரர் பேச்சு. பேக்கரியில் ஒரு டீ, ஒரு தேங்காய் பன். ஆறின தகடு சத்தமே போடாது, காதுக்கும் இதம்.

4. ஏஜிங், அதாவது இளஞ்சூட்டில் இறுக வைக்கிறது: 6061-க்கு 175 டிகிரியில் 8 மணி நேரம், 7075-க்கு 120 டிகிரியில் 24 மணி நேரம். ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி கூட்டி ரெண்டா வகுங்க: 147.5 டிகிரி, 16 மணி. ஒண்ணு அரைவேக்காடு, இன்னொண்ணு முற்றல். யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை.

5. அடுப்பே இல்லையா? கொடுத்து வச்சவங்க. அலமாரியில் போட்டுருங்க. சூடு கண்ட 7075 அறை வெப்பத்திலேயே மாசக்கணக்கா இறுகிட்டே இருக்கும். ஆடியில் அளந்தா ஒரு கடினம், தையில் அளந்தா வேற. தேதி மட்டும் எழுதிராதீங்க.

6. இழுத்துப் பார்த்தா 6061 பக்கம், அந்த இளகின பட்டையில்தான் பெரும்பாலும் அறும். அறுந்த துண்டை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, "வெல்டு அப்படியே நிக்குதுங்க, உங்க தகடுதான் சரியில்லை"ன்னு பில்லை நீட்டுங்க.