பகுவா அங்கிள்

நியூயார்க் குயின்ஸில் ரிச்மண்ட் ஹில் என்றொரு பேட்டை. 'லிட்டில் கயானா' என்று அதற்குச் செல்லப்பெயர். மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் அங்கே லிபர்ட்டி அவென்யூவில் பகுவா ஊர்வலம் போகும். கூட்டத்தில் யார் அதிகமாகக் குறை சொல்கிறாரோ, அவர்தான் பகுவா அங்கிள்.

ஹோலியைத்தான் கயானாக்காரர்கள் பகுவா என்கிறார்கள். 1838 முதல் இந்தியாவிலிருந்து கயானாவின் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களோடு போன பண்டிகை, பேரப்பிள்ளைகளோடு விமானமேறி இங்கே வந்திறங்கியது. வந்த இடத்தில் குளிர்.

பகுவாவுக்கு வெள்ளை உடுத்த வேண்டும்; அப்போதுதான் சாயம் தெரியும். குர்தாமேல் கோட்டுப் போட்டால் குர்தா தெரியாது. கோட்டே இல்லாவிட்டால் அங்கிள் தேறமாட்டார். ஆகவே முதலில் கோட்டு, அதன்மேல் மூன்று சைஸ் பெரிய குர்தா. உறை மாட்டிய தலையணை ஒன்று கையில் அபீர்ச் சாயப் பையோடு நடந்து வரும்.

"பேக் ஹோம்..." என்றுதான் எந்த வாக்கியத்தையும் தொடங்குவார். பேக் ஹோமில் காலையில் வாளி வாளியாகத் தண்ணீர். குளித்துவிட்டு வந்தால் அபீர், பவுடர், சென்ட். "இங்கே எடுத்த எடுப்பிலேயே பவுடர்! இதுக்குப் பகுவா எதுக்கு? கைக்குழந்தைக்குத் தினமும் போடறோமே!"

சௌத்தால் என்னும் பகுவாப் பாட்டுக் கோஷ்டியில் அவர் மூத்தவர். வசந்த பஞ்சமிக்கே ஒத்திகை தொடங்கிவிடும். இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து, டோலக்கும் ஜால் தாளமும் அதிர, போகப்போக வேகமெடுத்துப் பாடுவார்கள். பாட்டு வட இந்தியக் கிராமத்து மொழி. புத்தகம் ஆங்கில எழுத்து. பையன் ஒருவன் ஓரெழுத்து பிசகினாலும் அங்கிள் டோலக்கை நிறுத்திவிடுவார். அர்த்தம் கேட்டால், "பாட்டுக்கு நடுவுல கேள்வி கேக்காதே." பாட்டு முடிந்ததும் ஆளைக் காணோம்.

இந்தியாவில் பிறந்தவன் என்பதால் என்னிடம் அவருக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் நாங்கள் சாயம் தெளிப்பதில்லை என்று சொன்னேன்; அது போயிற்று.

"மெட்ராசியா? எங்க ஊர் மெட்ராசிகளே பகுவா ஆடுவாங்களே, பேட்டா!"

விட்டுக்கொடுக்க மனமில்லாமல், எங்கள் பக்கம் மாசியில் காமன் பண்டிகை உண்டு, ஆமணக்கு நட்டு வைத்து எரிப்போம் என்றேன். அங்கிள் முகம் மலர்ந்தது. ஹோலிகா எரிப்புக்கு அவர்கள் நடுவதும் ஆமணக்குத்தான்.

"பாத்தியா? நீங்களும் எங்ககிட்டேருந்து கத்துக்கிட்டிருக்கீங்க!"

ஊர்வலத்தில் 'சட்னி' என்னும் கரீபிய இசை அலறும் லாரிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொள்வார். ஆனால் கால் கேட்காது. முழங்கால் வலிக்கும் வைத்தியரின் எச்சரிக்கைக்கும் இடம் கொடுக்காமல் அதுபாட்டுக்குத் தாளம் போடும். தேர்தல் காலமானால் அரசியல்வாதிகள் வந்து கன்னத்தைக் காட்டுவார்கள். அங்கிள் சொத்துவரியை மனத்தில் வைத்துக்கொண்டு சற்று அழுத்தியே பூசுவார்.

போலோரிப் பலகாரத்தைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு. மாவு சரியாகப் பொங்கவில்லை, மாங்காய்ச் சட்னியில் காரம் போதாது, அம்மா கைப்பக்குவம் வராது. இவ்வளவையும் மூன்றாவது தட்டில்தான் சொல்வார்.

"அடுத்த வருஷம் நான் வரலை" என்று எல்லாரிடமும் விடைபெறுவார். இது வருடாவருடம் நடப்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. அடுத்த ஒத்திகை எப்போது என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்பவரும் அவரேதான்.

காரின் சீட்டுக்குப் பிளாஸ்டிக் விரித்து வீடு சேர்ந்தால், வாசலில் ஆன்ட்டி. போன மாதம்தான் புதுக் கம்பளம் போட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் பேஸ்மென்ட் கதவைக் காட்டுவாள். அங்கிள் குனிந்து இறங்கிக்கொண்டே சொல்வார்:

"பேக் ஹோம்ல கொல்லைக் கதவு இதைவிட உசரம்."