அரத்தக் கீழ வையி, பேராண்டி

வாடா பேராண்டி, வா. மடியில என்னா மூட்ட? திருப்புளி, அரம், உப்புத்தாள், தையல் மிஷின் எண்ணெ. ஏதோ பம்புசெட்டு ரிப்பேருக்குக் கெளம்பிட்டன்னுல்ல நெனச்சன். துப்பாக்கி ட்ரிகர இளக்கப் போறியா? அடி சக்க! போன மாசம் மம்பட்டிக்கு ஆப்பு அடிக்கத் தெரியாம என்னியக் கூப்புட்ட கைதான இது? திண்ணையில ஒக்காரு. வெய்யில் சாயட்டும்.

உன் கோவம் எனக்குப் புரியாம இல்ல. பத்து மாசம் தண்ணி காட்டி வளத்த கரும்ப பன்னிக் கூட்டம் ஒரே ராத்திரியில சப்பித் துப்பிட்டுப் போவுது. எம்.ஆர்.கே. ஆலையிலேர்ந்து உனக்குக் கட்டிங் ஆர்டர் வர்றதுக்கு முன்னாடி பன்னிவ கட்டிங் முடிச்சிடுது. வெட்டுக்கூலி கேக்கல, டிராக்டர் வாடக கேக்கல. இந்தச் சேத்தியாத்தோப்புலயே இவ்வளவு சல்லிசா வேல பாக்குற ஆளுவ எனக்குத் தெரிஞ்சி வேற இல்ல. வவுறு எரியத்தான் செய்யும்.

அதுக்குன்னு போன வெள்ளிக்கெழம ராத்திரி உங்கப்பன் தூங்குறப்ப, ஜமுக்காளத்துல சுத்தி வச்சிருந்த 315 போர் ரைபிளத் தூக்கிக்கினு கொல்லைக்குப் போயிட்ட. போட்ட ஒரே குண்டுல பம்புசெட்டுக் கொட்டாயி ஓடு நாலு போச்சி. பன்னி போவல. நல்லவேள, இந்தச் சேதிய நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. டீக்கடையில நாலு பேர்கிட்ட மட்டுந்தான் சொன்னன்.

இப்பக் கொற யாருதுங்குற? ட்ரிகருதாம். கெட்டியா இருந்திச்சாம். ஆடத் தெரியாதவளுக்கு மேட கோணல்னு கேட்டிருக்கன். ட்ரிகர் கோணல்னு இன்னிக்குத்தான் கேக்குறன்.

நான் ரிசர்வ் போலீசுல பன்னண்டு வருசம் த்ரீ நாட் த்ரீ சொமந்தவன். உன் ஊட்டு 315-ம் அதே வயித்துல பொறந்த தம்பிதான். வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையில லீ என்ஃபீல்டு தினுசுல செஞ்சது. போல்ட்ட முன்னாடி தள்ளி மடக்குறப்பதான் அதுல வில்லு ஏறும். உள்ள இருக்குற சுடு ஊசிய சியர்னு ஒரு சின்ன எரும்புக் கொக்கி புடிச்சி நிறுத்திக்கும். நீ விரலால இழுக்குறது குண்டையும் இல்ல, மருந்தையும் இல்ல. அந்தக் கொக்கிய மெதுவா நழுவ உடுற, அவ்வளவுதான்.

அதுல ஒரு சூட்சுமம் வச்சிருக்கான் பாரு. ட்ரிகருக்கு மேல ரெண்டு மேடு. மொத மேடு கொக்கியத் தொட்டுக்கினு லேசா வரும், கொஞ்ச தூரம் சும்மா வர்ற மாதிரி இருக்கும். அப்புறம் ரெண்டாவது மேடு முட்டும். அங்க ஒரு நிப்பு. அந்த நிப்புலேர்ந்து இன்னும் அழுத்துனாத்தான் வெடி. பட்டாளத்து வழக்கத்துல அந்த ரெண்டாவது இழுப்புக்கு 5, 6 பவுண்டு வச்சாங்க. நம்ம கணக்குல ரெண்டேகால் கிலோவுலேர்ந்து ரெண்டேமுக்கால் கிலோ. வேட்ட ரைபிளுன்னா 3, 4 பவுண்டு போதும்பாங்க. அந்த நிப்பு எதுக்குத் தெரியுமா? "சுடப் போறியா, நெசமாவா?"ன்னு துப்பாக்கி உன்னிய ஒரு தரம் கேக்குது. அந்தக் கேள்விய அரம் போட்டு அழிச்சிடலாம்னு வந்திருக்குற நீ.

கிட்டி பாத்திருக்கியா? எங்க பாத்திருப்ப, நீ மெட்ராசுல படிச்ச புள்ள. தஞ்சாவூர்க் கிட்டின்னு பேரு. மூங்கில் வில்லு, ஒரு கயிறு, இர கட்டுன ஒரு சின்னக் குச்சி. வீராணத்துப் பாசனத்துல நெல்லு பால் புடிக்குற காலத்துல ராத்திரிக்கு நூறு கிட்டி வப்பம். எலி இரயத் தொட்டா குச்சி நழுவும், வில்லு நிமிரும், எலி கத முடிஞ்சிடும். இதுல வேலன்னு ஒன்னு இருக்குன்னா அந்தக் குச்சிய எவ்வளவு ஆழத்துல மாட்டுறதுங்குறதுதான். ஆழமா மாட்டுனா எலி இரயத் தின்னுட்டு ஏப்பம் உட்டுட்டுப் போவும். நுனியில மாட்டுனா தவள தாண்டுனா விழும், காத்தடிச்சா விழும், வச்சவன் தும்முனா விழும்.

உன் வயசுல நானும் கெட்டிக்காரன்தான். குச்சி முனைய அருவாளால சீவி வழுவழுன்னு ஆக்குனன், எலி மூச்சு பட்டாலே விழணும்னு. மொதக் கிட்டிய வரப்புல வைக்குறப்பவே விழுந்திச்சி. இந்தக் கட்டவெரல் நகம் அம்பது வருசமா ஏன் கோணலா இருக்குன்னு உங்காயா கேட்டா, மாடு மிதிச்சிட்டுதுன்னு சொல்லி வச்சிருக்கன். நீ காட்டிக் குடுத்துடாத. கிட்டி நகத்தோட உட்டுது. ரைபிளு அப்புடிக் கணக்குப் பாக்காது.

சில சீமத் துப்பாக்கியில மூணு திருகாணி இருக்கும். ஒன்னு வில்லோட எடைக்கி. ஒன்னு கொக்கி எவ்வளவு ஆழமா புடிக்குதுங்குறதுக்கு. இன்னொன்னு வெடிச்ச அப்புறம் ட்ரிகர் வெறுமனே ஓடுற தூரத்துக்கு. தெரிஞ்சவன் எடையத்தான் கொறைப்பான், கொக்கி ஆழத்துல கை வைக்க யோசிப்பான். வச்சாலும், குண்டு இல்லாம போல்ட்ட நாலு தரம் ஓங்கி அடச்சிப் பாப்பான், கட்டைய ரப்பர் சுத்தியால தட்டிப் பாப்பான். தானா நழுவுனா பழைய எடத்துக்கே திருப்பிடுவான். உன் 315-ல அந்தத் திருகாணியே கெடையாதுடா! அதனாலதான அரம் எடுத்தாந்திருக்குற? அந்த மேட்டுலயும் கொக்கியிலயும் மேல்தோலு மட்டுந்தான் பதம் போட்ட கெட்டி எரும்பு. நீ ரெண்டு தேய் தேச்சா தோலு போயிடும். அன்னிக்கு வழுவழுன்னு இருக்கும். "பாத்தியா தாத்தா"ன்னு வந்து காட்டுவ. உள்ள இருக்குற மெத்து எரும்பு நாளுக்கு நாள் தானா தேயும். ஒரு நாளு போல்ட்ட அடைக்குறப்பவே கொக்கி புடிக்காது. அன்னிக்குக் கொழாய் எந்தப் பக்கம் பாத்துக்கினு இருக்குமோ, அது உன் சாமிக்கித்தான் வெளிச்சம்.

விருத்தாசலத்துல பீங்கான் ஃப்யூஸ் கட்ட செய்யிறாங்கல்ல? அத வாங்கியாந்து நம்ம ஆளுவ என்னா செய்வாங்க? ஃப்யூஸ் அடிக்கடி போவுதுன்னு அதுல ஜி.ஐ. கம்பிய முறுக்கி மாட்டுவாங்க. அப்புறம் ஃப்யூஸ் போவாது, மோட்டார் போவும். அந்த வம்சந்தான நீயி.

கம்பெனிக்காரன் கதையும் ஒன்னு கேளு. அமெரிக்காவுல ரெமிங்டன் 700-ன்னு ஒரு ரைபிளு, 1962-லேர்ந்து விக்கிறான். அதுல 2006 மே மாசத்துலேர்ந்து 2014 ஏப்ரல் வரைக்கும் புது ட்ரிகர் மாட்டி வித்தான். மாட்டுறப்ப சிலதுல பச கொஞ்சம் கூடிப்போச்சாம். ட்ரிகரத் தொடாமலே வெடிக்கலாம்னு தெரிஞ்சி, 2014-ல மொத்தத்தையும் திருப்பிக் குடுங்கன்னு ஊரெல்லாம் சொன்னான். மிஷின் வச்சி, எஞ்சினியரு நின்னு செஞ்ச எடத்துலயே ஒரு சொட்டு பசைக்கி இந்தப் பாடு. நீ தையல் மிஷின் எண்ணெயோட வந்திருக்குற. அதுவும் உங்காயா மிஷினுலேர்ந்து திருடுனது.

"எளவேனிலுக்கு மட்டும் லேசா இருக்கே"ன்னு கேப்ப. தெரியுமே, நம்ம கடலூர்ல பொறந்த பொண்ணு இளவேனில் வாலறிவன். 2018-ல சிட்னி ஜூனியர் உலகக் கோப்பையில தங்கம், அடுத்த வருசம் ரியோவுல தங்கம். அவுங்க 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில ட்ரிகர் எடைக்கு வரம்பே இல்ல. மூச்சு பட்டா வெடிக்குற மாதிரியும் வச்சிக்கலாம். ஆனா ஏர் பிஸ்டல்னா கொறஞ்சது 500 கிராம் இருக்கணும். எடக்கல்லத் தொங்க உட்டுப் பாத்துதான் உள்ள உடுவாங்க. நம்ம நாட்டாரு கடையில அரைக்கிலோ சக்கர நிறுக்குற மாதிரி. அந்தப் பொண்ணு 75 நிமிசத்துல 60 குண்டு போடணும். நடுப்புள்ளி அர மில்லிமீட்டர். வெளிச்சம் போட்ட கூடம், பின்னாடி செவுரு, குறுக்க ஒரு ஈ கூடப் பறக்காது. அங்க லேசா வச்சா அர்த்தம் இருக்கு. நீ எங்க வைக்கப் போற? அமாவாச இருட்டு, கரும்புச் சோல தாள் கிழிக்குது, காலு சேத்துல, பன்னி உறுமுது, உனக்கு ஒடம்பெல்லாம் ஒதறுது. மறுபக்கத்துல தண்ணி மடைய மாத்த உன் சித்தப்பன் டார்ச்சு இல்லாம வருவான். பீடி நெருப்பு மட்டுந்தான் தெரியும்.

கொற விரல்ல இருக்கு. எங்க ஆர்மரர் ஒரு வித்த கத்துக்குடுத்தாரு. துப்பாக்கியில ஒன்னும் இல்லன்னு ரெண்டு தரம் பாத்துட்டு, கொழாய் மேல ஒத்த ரூவாக் காச வச்சி, ட்ரிகர அழுத்தச் சொல்லுவாரு. டிக்குன்னு சத்தம் கேக்கணும், காசு விழக்கூடாது. எனக்கு ஒரு மாசம் காசு விழுந்துக்கினே இருந்திச்சி. விழுந்த காசையெல்லாம் அவுரே எடுத்துக்குவாரு. அவுரு புள்ளைய அதுலதான் படிக்க வச்சாருன்னு பேரு. நீ ட்ரிகர அழுத்தல, மாட்டு மூக்கணாங்கவுத்தச் சுண்டுற மாதிரி சுண்டுற. கண்ண வேற மூடிக்கிற. ஓடு ஏன் போவாது?

சரி, எல்லாம் சரியாவே வருதுன்னு வச்சிக்க. அப்பவும் பன்னிய நீ சுட முடியாதுடா. 1972-ஆம் வருசத்து வனவிலங்குச் சட்டம் இருக்கு. கரும்ப தின்னாலும் அது சர்க்காரு பன்னி. 2025 சனவரியில சட்டசபையில சொன்னது உன் காதுல பாதிதான் உழுந்திருக்கு. காப்புக்காட்டுலேர்ந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது. 1-லேர்ந்து 3 கிலோமீட்டருக்குள்ள கூண்டு வச்சிப் புடிச்சிக் காட்டுல உடணும். 3-ஐத் தாண்டி வந்தாத்தான் சுடலாம். அதுவும் வனத்துற ஆளுவ சுடுவாங்க. "சுடலாம்"னு மட்டும் கேட்டுட்டு நீ அரம் வாங்கப் போயிட்ட. அந்த அரமும் வெனதான்: 1959 ஆயுதச் சட்டம் 5-ஆவது பிரிவுல, துப்பாக்கிய செய்யவும் விக்கவும் மட்டுமில்ல, பழுது பாக்கவே லைசென்சு வேணும்னு இருக்கு. துப்பாக்கி லைசென்சு உங்கப்பன் பேருல, அரம் உன் கையில, ஓட்ட பம்புசெட்டுல. மூணையும் சேத்துப் பாத்தா இன்ஸ்பெக்டருக்கு வேலையே இல்ல.

சாமி கணக்கும் பாத்துக்க. வருசா வருசம் ஸ்ரீமுஷ்ணத்துல போயி பூவராகப் பெருமாளுக்கு நெய்வெளக்கு ஏத்துற. மாசி மகத்துக்கு அவுரு கிள்ளைக் கடலுக்குப் போறப்ப முஸ்லிம் சனங்க கூட மரியாத செஞ்சி அனுப்புறாங்க. நீ என்னடான்னா அங்க அவுரு காலத் தொட்டுட்டு, இங்க அவுரு சாதிசனத்துக்கு ட்ரிகரு இளக்குற. பெருமாளு பாத்துக்கினுதான இருக்காரு, பம்புசெட்டு ஓடு உழுந்ததுக்கு வேற யாரு காரணம்?

ரைபிளு ட்ரிகரு நெசமாவே கெட்டியா இருந்தா, உங்கப்பனே அத லைசென்சு வச்ச துப்பாக்கிக் கடைக்கி எடுத்துக்கினு போவட்டும். தராசு மாட்டிப் பாத்துச் சொல்லுவான். நீ நாளைக்கி வனத்துற ஆபீசுக்கு ஒரு மனு எழுது. எந்தத் தேதி, எத்தன ஏக்கரு, சர்வே நம்பரு எல்லாம் இருக்கணும். சேதத்த போட்டோ புடிச்சி வையி. பம்புசெட்டு ஓட்ட போட்டோவுல உழுவக் கூடாது, அது முக்கியம். வீஏஓகிட்டயும் சொல்லி வச்சிடு.

அரம் இங்கியே கெடக்கட்டும். உங்காயாவோட தேங்காத் துருவி ஆறு மாசமா மழுங்கிக் கெடக்குது.