நாற்பது மீட்டர்தான்!

லண்டன் மெட்ரோபாலிட்டன் ரயிலில் கடைசி வரை போனால் அமர்ஷம், செஷம் என்று இரண்டு ஊர்கள் வரும். அங்கேதான் சில்டர்ன் குன்றுகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலை விட்டு இறங்கும் கூட்டத்தில் டப்பாக்காரரை அடையாளம் காண்பது சுலபம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். முழங்காலில் ஜிப் வைத்த கால்சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பேனா, கையில் போன். பீச் மரக்காட்டையும் தலைக்கு மேல் வட்டமிடும் சிவப்புப் பருந்தையும் பார்க்க மற்றவர்கள் வருகிறார்கள். இவர் போனிலுள்ள அம்புக்குறியைப் பார்க்க வருகிறார்.

விளையாட்டின் பெயர் ஜியோகேஷிங். யாரோ ஒருவர் மரப்பொந்திலோ வேலிக்கால் அடியிலோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவித்துவிடுவார். நீங்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் சீட்டில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பரிசு கிடையாது. பெரிய டப்பாவாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் டைனோசர் இருக்கலாம். அதை எடுத்துக்கொண்டால் அதற்குக் குறையாத பொருள் ஒன்றை வைக்க வேண்டும்.

டப்பாக்காரர் தனியாகப் போவதில்லை. ஆள் பிடிப்பார். “சின்ன நடைதான். 12 கிலோமீட்டர். மேடே கிடையாது. ஒரு மணிக்கு பப்பில் சாப்பாடு.” நான்கு வாக்கியங்களில் நம்பக்கூடியது இரண்டாவது மட்டும்தான். ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: சமதரையில் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். நம்மவர் அதை மனப்பாடமாகச் சொல்வார். வழியில் 40 டப்பாக்கள் இருப்பதை மட்டும் சொல்ல மாட்டார். நெய்ஸ்மித் காலத்தில் யாரும் மரப்பொந்துக்குள் கை விட்டுத் துழாவவில்லை. டப்பாவுக்கு எட்டு நிமிடம் என்றாலே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. டப்பாவுக்கும் டப்பாவுக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். கால் வேகம் பிடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

ஒவ்வொரு டப்பாவுக்கும் பாதை எவ்வளவு கடினம் என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் உண்டு. நம்மவர் தேர்ந்தெடுக்கும் சுற்றில் எல்லா டப்பாவுக்கும் ஒன்றரைதான் போட்டிருக்கும். அதாவது குழந்தைகூடப் போகலாம். வாஸ்தவம், ஒரு டப்பாவுக்குப் போகலாம். நாற்பது ஒன்றரைகளைக் கூட்டினால் என்ன ஆகும் என்று எங்கேயும் எழுதியிருக்காது. ஆர்டனன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை வரைபடத்தைப் பிரித்தால் நெருக்கியடித்து ஓடும் உயரக்கோடுகள் உண்மையைச் சொல்லிவிடும். அது அவர் பையில்தான் இருக்கிறது, மடிப்புக் கலையாமல்.

அம்புக்குறி காட்டுவது பறவைக்கான தூரம். “இதோ, நாற்பது மீட்டர்தான்!” என்று அவர் கூவும்போது நடுவில் ஓர் ஓடையும் முள்வேலியும் இருக்கும். பாலம் முக்கால் கிலோமீட்டர் தள்ளி. கோடையானால் இடுப்புயர நெட்டில் செடி, தொட்ட இடமெல்லாம் தடித்து எரியும். குளிர்காலமானால் சில்டர்ன் களிமண். நாலு வயல் தாண்டுவதற்குள் ஆளுக்கு ஒரு கிலோ மண் பூட்ஸோடு சேர்ந்து வரும். அதோடு வேலிக்கு வேலி மரப்படி ஏறி இறங்க வேண்டும். இளங்காளைகள் வேடிக்கை பார்க்கக் கூட்டமாக வந்து சூழ்ந்துகொள்ளும்.

நீங்கள் மூச்சு வாங்க நின்றால் அவர் சரித்திரம் சொல்ல ஆரம்பிப்பார். அது அவருடைய உத்தி. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை நீக்கியதும், மே 3-ஆம் தேதி டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்தாராம். அதற்குள் ஒரு பீன்ஸ் டின்னும் இருந்ததாம். ஏற்றம் செங்குத்தாக இருந்தால் இன்னும் பின்னால் போவார்: 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி டார்ட்மூரின் கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்து, வருகிறவர்கள் விசிட்டிங் கார்டு போட ஏற்பாடு செய்த கதை. அதுவரை வந்துவிட்டால் உச்சிக்கு இன்னும் வெகு தூரம் என்று பொருள்.

தேடும் காட்சியைத்தான் பார்க்க வேண்டும். மரநிழலில் அம்பு தடுமாறும். நாலடி முன்னால், ஆறடி பின்னால் என்று போனை ஏந்தியபடி நடப்பார். எழுத்துக்களைப் பதின்மூன்று இடம் தள்ளிப்போட்டு மறைத்த ஒரு குறிப்பும் உண்டு. அதை விடுவித்தால், “ஐவி படர்ந்த மரத்தடியில்” என்று வரும். காடு முழுக்க ஐவி. அந்நேரம் யாராவது வந்துவிட்டால் சட்டென்று குனிந்து ஷூ லேஸ் கட்டுவார். விளையாட்டை அறியாதவர்களுக்கு ஹாரி பாட்டர் கதையிலிருந்து ‘மகிள்’ என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். மகிள் கண்ணில் படக்கூடாது. வந்த மகிளின் லாப்ரடார் நாய் நேராகப் போய் டப்பாவை முகர்ந்துவிட்டு நகரும். டப்பா என்பது பழைய 35 மி.மீ. ஃபிலிம் டப்பி. உள்ளே சுண்டுவிரல் பருமனில் சுருட்டிய சீட்டு, ஈரம் ஊறி ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் பிரித்தால் ஓரம் கிழியும், கழுத்துப் பேனா எழுதாது. பென்சிலால் கீறிவிட்டுத் திரும்பச் சுருட்டினால் மூடி சேராது.

பப்பில் மதியச் சமையல் இரண்டரைக்கே முடிந்துபோகும். போய்ச் சேரும்போது உருளை வறுவல் பாக்கெட் கிடைக்கும். குளிர்காலமானால் நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். ஸ்டேஷன் விளக்கு தெரியும்போதுதான் அவர் ‘போனஸ்’ பற்றி வாய் திறப்பார். மூடிகளின் உட்புறம் எழுதியிருக்கும் எண்களைக் கூட்டிக் கழித்தால் கடைசி டப்பாவின் இடம் வருமாம். பதினேழாவது மூடியைப் பார்க்க மறந்துவிட்டாராம். “திரும்பிப் போனால் ரெண்டே கிலோமீட்டர்” என்பார். அந்த முகத்தில் களைப்பின் சுவடே இருக்காது.

உங்களையும் யாராவது சின்ன நடைக்கு அழைத்தால் தூரத்தைக் கேட்காதீர்கள். எத்தனை டப்பா என்று கேளுங்கள். பத்துக்கு மேல் சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது.