பெர்லின் கலப்படமும் நீல மருந்தும்

கலப்படத்துக்கு உலகம் கும்பிடு போட்ட கதை இது.

1706 வாக்கில் பெர்லினில் டீஸ்பாக் என்றொரு சாயக்காரர் சிவப்புச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தார். கொச்சினீல் பூச்சி, படிகாரம், அன்னபேதி எல்லாம் தயார். பொட்டாஷ் மட்டும் தீர்ந்துபோனது. டிப்பெல் என்ற ரசவாதியிடம் போனார். இந்த மனிதர் பிறந்ததே ஃபிராங்கன்ஸ்டைன் கோட்டையில். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். விலங்கு ரத்தத்தையும் கொம்பையும் காய்ச்சி, நாற்றமெடுக்கும் எண்ணெய் ஒன்றை வடித்து, சர்வரோக நிவாரணி என்று விற்றுவந்தவர். அந்த வேலையில் பாழான பொட்டாஷை டீஸ்பாக் தலையில் கட்டிவிட்டார்.

சிவப்பு வரவில்லை. முதலில் வெளிறிய ரோஸ், சுண்டச் சுண்ட ஊதா, கடைசியில் கருநீலம். அன்றைக்கு உயர்ந்த நீலம் வேண்டுமென்றால் ஆப்கானிஸ்தானத்துக் கல்லைத்தான் அரைக்க வேண்டும், விலை யானை விலை. சண்டைக்குக் கிளம்பியிருக்க வேண்டிய டீஸ்பாக், கல்லா கட்ட உட்கார்ந்துவிட்டார். 'பிரஷ்யன் நீலம்' என்று பெயர். செய்முறை 1724இல் லண்டனில் அச்சேறும்வரை பரம ரகசியம்.

1782இல் ஸ்வீடனின் ஷீலே இதை அமிலத்தோடு காய்ச்சியபோது வந்தது ஹைட்ரஜன் சயனைடு. மகானுபாவர் அதன் ருசியையும் குறித்துவைத்தார். பிழைத்தது அதிர்ஷ்டம்.

1987 செப்டம்பர், பிரேசிலின் கோயானியா. கைவிட்ட புற்றுநோய் சிகிச்சைக் கூடத்து எந்திரம் ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போனது. உள்ளே கதிரியக்கச் சீசியம்-137. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த தூளை உறவும் நட்பும் பங்கு போட்டுக்கொண்டன. நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒரு குழந்தைக்கு ஆறு வயது. இதில் கிண்டலுக்கு இடமில்லை.

பாதிக்கப்பட்டவர்களில் 46 பேருக்கு மருத்துவர்கள் கொடுத்தது டீஸ்பாக்கின் சாயத்தை. சீசியம் பொட்டாசியம் வேஷம் கட்டி உடலுக்குள் நுழையும். குடலில் இறங்கும், மறுபடி ரத்தத்தில் ஏறும். பிரஷ்யன் நீலம் ரத்தத்துக்குப் போகாது. குடலிலேயே சீசியத்தை அமுக்கிப் பிடித்து வெளியே தள்ளிவிடும். உடலிலுள்ள சீசியம் பாதியாகக் குறைய சுமார் 110 நாள் ஆகும். இதைக் கொடுத்தால் 30 நாள் போதும். மலமும் நீலமாகப் போகும். உள்ளே இருக்கும் சயனைடு? அதை இரும்பு உடும்புப் பிடியாகப் பிடித்திருப்பதால் ஆபத்தில்லை.

2003இல் அமெரிக்கா இதை மருந்தாக அங்கீகரித்தது. கதிரியக்கக் குண்டு வெடித்தால் உதவும் என்று இப்போது கையிருப்பில் வைத்திருக்கிறார்கள். சீசியத்துக்கும் தாலியத்துக்கும் மட்டுமே கேட்கும். அதுவும் மருத்துவர் கையால். பெயிண்ட் கடை நீலத்தைக் கரைத்துக் குடித்துவிடாதீர்கள்.